இன்னும் புறப்படாதவள் திரும்பி வரும் இடம்

1

இக்கதை முதலில் ஒரு கட்டுரையாக இருந்தது என்பதை வாசகரிடம் மறைப்பது முறையாகாது. ‘ஒரு கணினி ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்வது எங்ஙனம்?’ என்ற தலைப்பில், பதினொரு பக்கங்களில், இரண்டு வரைபடங்களுடன் எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தேன். ஆசிரியர் மிகுந்த பண்போடு திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரேயொரு வரி: ‘விளங்கவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஓர் அருமைநாயகி வருகிறாரே, அவர் யார்?’

அருமைநாயகி, அடிக்குறிப்பில் நான் நன்றி கூறியிருந்தவர். ஆகவே அடிக்குறிப்பை மேலே கொண்டுவந்து, கட்டுரையைக் கீழே தள்ளியிருக்கிறேன். இதற்கு முன்னர் நான் கதை எழுதியதில்லை. பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

2

தொடக்கங்கள். முயன்று கைவிட்டவை:

‘தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, மருதனார்மடச் சந்தியில், ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில், அருமைநாயகி என்றொரு’ [என்றொரு என்ன? ‘நங்கை’ என்று எழுதி வெட்டினேன். கேள்விப்பட்டால் அவர் சிரிப்பார்.]

‘மண்ணெண்ணெய் மணம் பரவியிருந்த ஒரு காலைப்பொழுதில்’ [அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரின் எந்தக் காலைப்பொழுதில் அது பரவியிருக்கவில்லை?]

‘அவர் பிறந்தது’ [வேண்டாம்.]

ஓடிக்கொண்டிருக்கும் பாத்திரத்தை நிறுத்தலாம். நிறுத்தியதை மறுபடியும் ஓடவிடலாம். ஒருபோதும் ஓடியிராத ஒன்றை எப்படி ஓடவைப்பது? எனக்கு விடை தெரியாமையால், பஞ்சலிங்கம் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியமொன்றின் நடுவில் நுழைகிறேன். கதை என்பதால் இனி அருமைநாயகியை ‘அவள்’ என்று குறிப்பிடவும் அனுமதி கோருகிறேன்.

3

“...அதாலை இனி வகுப்பு வேண்டாம், ரீச்சர்” என்று அருமைநாயகியிடம் சொல்லிக்கொண்டே, ஒரு செவ்வாய்க்கிழமை, பஞ்சலிங்கம் ஜெனரேற்றரின் மூடியைத் திருகினார். கடையும் மேல்மாடியும் அங்கிருந்த ஒரேயொரு கணினியும் அவருடையவை. மின்சாரம் இல்லாத காலம். வாரத்துக்கு இரண்டு போத்தல் மண்ணெண்ணெய், செவ்வாய்க்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று. ஒரு போத்தலுக்கு ஒரு மணித்தியாலம். அதற்குள் ரியூற்றரிகள் எனப்படும் தனியார் வகுப்புகளின் வினாத்தாள்களை அச்சடிக்கவும் வேண்டும், அருமைநாயகியின் மாணவர் எழுவரும் தட்டெழுத்துப் பழகவும் வேண்டும்.

“ஏன் அண்ணை?”

“ஏனோ? பிறின்ரர் கறகறக்கேக்கை உந்தப் பெட்டி வேறை அலுவல் பாக்குதோ? ஏழு பேரும் வரிசையிலை இருந்து கொட்டாவி விடினம். எனக்கும் கொட்டாவி வருது.”

“பெட்டி ஒண்டும் செய்யேல்லை அண்ணை. ஒரு வரி அடிச்சு முடியுமட்டும் சும்மா பாத்துக்கொண்டு நிக்குது. அந்தச் சும்மா நிக்கிற நேரத்தை எனக்குத் தாங்கோ.”

பஞ்சலிங்கம் சிரித்தார். “சும்மா நிக்கிற நேரத்தை ஆரும் கேட்டு நான் கேள்விப்படேல்லை. சரி, எடுங்கோ. அடுத்த கிழமை வியாழன் மட்டும் தவணை. ரெண்டு அலுவலும் ஒரு போத்திலுக்குள்ளை நடந்தால் வகுப்பு இருக்கும். இல்லையெண்டால் இல்லை.”

அருமைநாயகிக்கு அந்த வகுப்பு ஒன்றே இருந்தது. கணிதப் பட்டம் பெற்று இரண்டாண்டுகள் வீட்டிலிருந்தபின் கிடைத்த முதல் வேலை. ‘ரீச்சர்’ என்று அழைக்கப்படும் அந்த மணித்தியாலத்துக்காகவே மற்ற நாட்களைக் கடத்தி வந்தாள்.

4

[இப்பகுதி கட்டுரையிலிருந்து தப்பிப் பிழைத்தது. தாண்டிச் செல்லலாம், தாண்டாவிட்டால் மகிழ்வேன்.]

ஒரே கதிரையில் இருவர் மாறி மாறி அமர்ந்து வேலை செய்வதாக எண்ணுங்கள். எழும்புகிறவர், தாம் எந்த வரியில் நின்றார், கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்பதை ஒரு துண்டில் எழுதித் தமது கடதாசி அடுக்கின் மேல் வைக்கிறார். அமர்கிறவர் தமது அடுக்கின் மேலுள்ள துண்டை எடுத்து வாசித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். தாம் எழும்பியிருந்ததே அவருக்குத் தெரியாது. கதிரைதான் கணினி. இந்த இருவரையும் அருமைநாயகி ‘இழைகள்’ என்றாள்: ஒன்று அச்சடிக்கும் இழை, மற்றது பாடம் நடத்தும் இழை.

கதிரை மாறும் கணினி நிரலைப் பதினாறு வரிகளில் கொப்பியில் எழுதிவிட்டாள். அதற்குப் ‘போட்டுவாறன்’ என்று பெயரும் வைத்தாள்.*

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. முதல்முறை அமரப்போகிறவருக்குத் துண்டு ஏது? எழும்பியிருந்தால்தானே துண்டு இருக்கும்? ஐந்து நாட்கள் அவள் அந்த இடத்திலேயே நின்றாள்.

ஆறாம் நாள் அவள் வீட்டு வாசற்பக்கம் குரல் கேட்டது. “ரீச்சர் பிள்ளை, போட்டு வாறன்!”

பூரணம். சந்தையில் வெங்காயம் விற்பவர், ஐம்பத்திரண்டு வயது, வகுப்பின் ஏழாவது மாணவி. ஏன் கணினி படிக்கிறீர்கள் என்று கேட்போரிடம், “உது என்ன அவ்வளவு பெரிய சாமானோ எண்டு பாக்கத்தான்” என்பார்.

“இப்பதானே அக்கா வந்தனீங்கள்?”

“எங்கை வந்தனான்? படியிலை நிண்டு எட்டிப் பாத்தன். நீர் கொப்பிக்குள்ளை தலையை விட்டுக்கொண்டிருந்தீர். குழப்பக்கூடாதெண்டு வெளிக்கிட்டிட்டன்.”

அருமைநாயகி எழுந்தே விட்டாள். உள்ளே வராத ஒருவர் விடைபெறலாம்! அப்படியானால், ஒருபோதும் அமராத இழைக்காக அவளே ஒரு துண்டை எழுதி அடுக்கின் மேல் வைத்துவிட்டால்? கையிலிருந்த எண்கள்: பூச்சியங்கள். நின்ற வரி: பாடத்தின் முதல் வரி. கதிரைக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? இழை, தான் என்றுமே விட்டுப் போகாத இடத்துக்குத் திரும்பி வரும்.

“அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம்!”

“நல்லாயிருக்கு! வராததுக்கே புண்ணியமெண்டால் இனி நான் வரேல்லை.”

* எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவர் எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது. சந்தைக்குப் போனாலும் கடல் கடந்து போனாலும் ‘போட்டு வாறன்’, அதாவது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதே வழக்கம். [இதைப் பெருமையாக எழுதத் தொடங்கினேன். அடுத்த பகுதியில் இவ்வழக்கமே எங்களைக் கவிழ்க்கிறது.]

5

செவ்வாய்க்கிழமைப் போத்தலில் பரிசோதனை. பிறின்ரர் வினாத்தாளின் முதல் வரியைக் கறகறவென்று அடித்தது. திரையில் தட்டெழுத்துப் பாடம் தோன்றியது. பூரணம் ஓர் எழுத்தைத் தட்டினார்; அது திரையில் விழுந்தது; பிறின்ரர் நிற்கவில்லை.

“ரெண்டும் ஓடுது!” என்று பஞ்சலிங்கம் கத்தினார். மாணவர்கள் வாங்குப் பலகையில் ஏறி நின்று பார்த்தனர். பூரணம் பாடத்தை முடித்து, முடிவுக்குரிய விசையைப் பெருமிதத்தோடு அழுத்தினார்.

எல்லாம் நின்றது. பிறின்ரர் ஐந்தாம் வினாவின் பாதியில் வாய் திறந்தபடி நின்றது.

“நான் ஒண்டும் செய்யேல்லை” என்றார் பூரணம், இரு கைகளையும் உயர்த்தி.

“ரீச்சர்,” என்றார் பஞ்சலிங்கம், “உங்கடை ரெண்டு பேரும் சோடியாச் செத்துப்போச்சினம்.”

அன்று மாலையே அருமைநாயகி பிழையைக் கண்டுபிடித்தாள். போய் வருவதற்கு நிரல் எழுதியிருந்தாள். ஒரேயடியாகப் போவதற்கு எழுதவேயில்லை. அந்த எண்ணமே கைக்கு வரவில்லை. பாடம் முடிந்த இழை, அடுக்கின் அடியில் அடுத்து எங்கே செல்வது என்று தேடி, அங்கே கிடந்த ஏதோவோர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பாழில் இறங்கிவிட்டது. அருமைநாயகி தான் எழுதிய பொய்த் துண்டின் கீழே இன்னொரு முகவரியையும் வைத்திருக்க வேண்டும்: முடித்தவரை வரவேற்று, அவரது அடுக்கை ஒதுக்கி, கதிரையை மற்றவரிடம் கொடுக்கும் ஒரு நிரலின் முகவரி.

மறுநாள் அதற்குப் ‘போறன்’ என்று பெயர் எழுதியபோது, பின்னால் நின்ற பூரணம் கொப்பியைப் பறித்தே விட்டார்.

“சீ! வாயிலை வராத சொல்லைக் கொப்பியிலை எழுதுறதோ? அதை அழியும் பிள்ளை!”

“வேறை என்னெண்டு எழுத, அக்கா? பாடம் முடிச்சவர் திரும்பி வரமாட்டார்.”

“ஆனால் எங்கையோ போய்ச் சேருவார்தானே? சேர்ந்த இடத்திலை என்ன சொல்லுவார்?”

அருமைநாயகி யோசித்து, ‘வந்திட்டன்’ என்று எழுதினாள்.

6

முடிவுகள். எழுதிக் கிழித்தவை:

ஜெனரேற்றர் நின்றுவிடுகிறது, எல்லோரும் கண் கலங்குகின்றனர். [அந்த மாடியில் அன்று எவரும் கலங்கியதாக என்னால் நம்ப முடியவில்லை.]

பஞ்சலிங்கம் அருமைநாயகியைப் பாராட்டி ஒரு சொற்பொழிவு [அவர் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நகைச்சுவையின்றிப் பேசியதில்லை.]

ஆகவே வியாழக்கிழமையை உள்ளபடி வைக்கிறேன். போத்தலில் இரண்டு விரற்கடை எண்ணெய் மீதமுண்டு. ஆறு மாணவர்கள் தத்தம் பாடத்தை அரைகுறையில் நிறுத்தி இடம் மாறிவிட்டனர். பிறின்ரர் நான்காம் தாளில் கறகறக்கிறது. பூரணம் கடைசி எழுத்தையும் தட்டிவிட்டார். முடிவு விசை மட்டுமே மீதி. அதை அழுத்தியும் பிறின்ரர் ஓடினால் வகுப்பு உண்டு.

“அழுத்துங்கோவன் அக்கா!” என்று கத்துகிறவர் பஞ்சலிங்கம். வகுப்பை மூடுவதாகச் சொன்னவர் தாம்தான் என்பதை அவர் மறந்துபோனார்.

“பொறும்! நானோ நீரோ படிச்சது?”

அருமைநாயகி கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

மதிப்புக்குரிய வாசகரே, இங்கே நான் எழும்புகிறேன். கையிலிருந்தவை அனைத்தையும் மேலே எழுதி வைத்துவிட்டேன். கதிரை உங்களுடையது. எங்கிருந்து தொடங்குவதென்று தயங்க வேண்டியதில்லை. பின்வரும் வாக்கியத்தை முன்னரே பாதிவரை எழுதி நிறுத்தியவர் நீங்களே என்று எண்ணித் தொடருங்கள்:

பூரணம் விரலை இறக்கினார், அருமைநாயகி மூச்சைப் பிடித்தாள், அப்போது பிறின்ரர்