சீட்டின் பாதி

"அந்தப் பேர் என் பேத்திக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. குழந்தை பிறந்து இரண்டு நாள். அம்மா கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் வைத்தாள். என் மனைவி கசில்தா தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதற்கான விண்ணப்பம்.

ஸ்பெயினில் எங்கள் ஹயேன் பக்கத்தில் குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. என்னுடையது பியெத்மா. கசில்தாவுடையது எக்ஸ்போசிட்டோ. அந்தக் காலத்தில் அநாதை விடுதிச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஒரே பெயர்தான். வெளியே விடப்பட்டவன் என்று பொருள்.

"அத்தை, உங்களுக்குப் பல்லு கட்டின டாக்டர் பேரு என்ன?" என்று கசில்தா கேட்டாள்.

"அவரு வேற."

"உங்க ஆலிவை ஆலையில பிழியறவர் பேரு? தபால்காரர் பேரு?"

"அவங்கள்லாம் நமக்கு என்ன சொந்தமா?"

"எனக்கும்தான் சொந்தமில்ல. ஒரே பெட்டி வழியா வந்தவங்க, அவ்வளவுதான்."

சாப்பாட்டுத் தட்டோடு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உப்பில்லாத சூப் எந்த எக்ஸ்போசிட்டோவுக்கு? இந்த மாடியில மூணு பேரு இருக்கீங்க."

கசில்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, மாத்த வேண்டாம்" என்றாள் திரும்பாமலே. "வழக்கம்போல ரெண்டாவதா இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் முதல்ல வர்ற பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"அதனாலதான் அது முதல்ல வரணும்னு சொல்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். கசில்தாவும் பார்த்தாள். எந்தப் பெயர் முதலில் வந்தாலும் பதிவுத் தாளில் பெற்றவர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கசில்தா தன் பெயரை முதலில் எழுதி ஏற்கனவே போட்டிருந்தாள். நான் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"டேய் லெயாந்திரோ, உங்கப்பா பேரைப் பின்னால தள்ளப் போறியா?"

"பேசாம இருக்கான் பாருங்க" என்றாள் கசில்தா. "பெத்தது நான். வலி இவனுக்கு."

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் பர்ஸை எடுத்து, அதிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கத்தரியால் வளைத்து வளைத்து வெட்டிய விளையாட்டுச் சீட்டு. கிண்ணம் பிடித்த சேவகன் படத்தின் இடது பாதி. அவளுடைய கொள்ளுத்தாத்தாவைப் பெட்டியில் வைத்தபோது துணிக்குள் இதுவும் இருந்ததாம்.

"மீதிப் பாதியை அவரைப் பெத்த அம்மா வச்சிருந்தாங்க" என்றாள். "திரும்பி வந்து கேக்கறதுக்காகத்தான் வெட்டினாங்க. அவங்க வழியில யாராவது அதை எடுத்துக்கிட்டு வந்தா, எந்தப் பேரைச் சொல்லிக் கேப்பாங்க அத்தை? பியெத்மான்னு கேப்பாங்களா? வெக்கப்பட வேண்டியவங்க நாங்க இல்ல."

அம்மா அந்தச் சீட்டை வாங்கி, வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "கையெழுத்துப் போடாதடா."

நான் போட்டேன். மகளின் பெயர் ஒலாயா எக்ஸ்போசிட்டோ பியெத்மா.

அம்மா விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தாள். சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கசில்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பர்ஸுல வச்சு மடிஞ்சு போயிருக்கு பாரு. ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கக்கூட உங்களுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபம் தீரவில்லை. கதவை வேகமாகத்தான் சாத்தினாள்.