சாயாத முகப்பு

பக்கக் கயிறு வேண்டாம் என்று சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன.

எங்கள் ஆற்றங்கரை நகரமான டோர்ட்டின் பழைய வீடுகளில் மாடிப்படி ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு ஏறும் அகலம்தான். பீரோ, கட்டில், பியானோ எல்லாம் வெளிவழியாகத்தான் மேலே போகும். முகப்பின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் கப்பியை மாட்டி, கயிறு போட்டு இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே வாங்கிக்கொள்வோம். தொங்கும் சாமான் சுவரில் இடிக்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் காலத்தில் முகப்பைத் தெருப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்டினார்கள். சாயாத வீடு என்றால் கீழே ஒருவர் பக்கக் கயிற்றைப் பிடித்து, சாமானைச் சுவரிலிருந்து விலக்கி இழுத்தபடி நிற்க வேண்டும். என் வீடு 1642இல் கட்டியது. வாசலில் நகராட்சி அடித்துக் கொடுத்த நீலமும் வெள்ளையுமான பாரம்பரியத் தகடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குளியல் தொட்டி ஏற்றப் பக்கக் கயிறா?

"நான் கயிறு பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள் மார்லூஸ். பக்கத்து வீட்டு மாடியில் பதினேழு வருடமாக வாடகைக்கு இருப்பவள். எங்கள் இரண்டு வாசலுக்கும் எதிரே, படகுகள் கட்டும் கரையில், ஹெரிங் மீன் வண்டி போட்டிருக்கிறாள்.

"வேண்டாம். வீடே சாஞ்சிருக்கு. நானூறு வருஷமா அதுக்குத்தானே நிக்குது."

"உங்க இஷ்டம், பக்கத்து வீட்டுக்காரரே."

கடை ஆட்கள் இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். என் புதுக் குளியல் தொட்டி கம்பீரமாக மேலே போனது. முதல் மாடியைத் தாண்டியதும் ஆற்றுக்காற்று அதை ஒரு சுற்றுச் சுற்றி, நேராகக் கொண்டுபோய் முகப்பிலிருந்த கற்சிற்பத்தில் மோதவிட்டது. தூங்கும் காளைச் சிற்பம். என் வீட்டுக்குப் பெயரே அதுதான். காளையின் தலை உடைந்து தெறித்து, எதிரே மார்லூஸின் வண்டியில் நறுக்கி வைத்திருந்த வெங்காயத் தட்டில் வந்து விழுந்தது.

அவள் தலையை எடுத்துத் தண்ணீரில் அலசி, என்னிடம் நீட்டினாள்.

"தூங்கினது போதும்னு எழுந்திருச்சிருச்சு போல" என்றாள்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தலை இருந்த இடத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தெரிந்தது. அதிலிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்று எட்டிப் பார்த்தது. 1642இல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டவர் யார் என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினேன். நூல் மேலிருந்து கீழ்வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது, அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு விரல் இடைவெளிகூட இல்லை; சுவர் சாயவே இல்லை. இருபது வருடமாகச் சுற்றுலாப் பயணிகளை இதே வாசலில் நிறுத்தி, "பாருங்க, எப்படிச் சாய்ச்சுக் கட்டியிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் தவறாமல் எல்லோரும் அண்ணாந்து பார்த்து "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். வீம்புக்கு மார்லூஸின் ஜன்னலிலிருந்தும் குண்டை இறக்கச் சொன்னேன். சிமெண்ட் பூசி, அலுமினிய ஜன்னல் மாட்டிய அந்த அழுக்குச் சாம்பல் வீடு. குண்டு கீழே வந்து நின்றபோது, சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில் அந்தரத்தில் ஆடியது.

சும்மா இருந்திருக்கலாம் என்று சொன்னேனே, காரணம் ஒரு கடிதம்.

எங்கள் கரையின் இந்த மூலையில் பதினான்கு பழைய வீடுகள் வரிசையாக நின்றன. அறுபதுகளில் பாலத்துக்குச் சாலை போடுகிறோம் என்று பன்னிரண்டை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியவை என்னுடையதும் சாம்பல் வீடும். சாம்பல் வீட்டின் சொந்தக்காரக் கம்பெனி அதை இடித்துவிட்டுத் தாழ்வாக வேறு ஏதோ கட்டப்போவதாகப் போன வருடம் மனுப்போட்டது. நகராட்சி எங்கள் கரைவாசிகள் சங்கத்தைக் கருத்துக் கேட்டது. சங்கத்தின் செயலாளர் நான். துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதியே பென்ஷன் வாங்கியவன். நான்கு பக்கம் எழுதினேன். 'எவ்வித வரலாற்று மதிப்பும் அற்ற, தொன்மையான அண்டை வீட்டின் அழகைக் கெடுக்கும் கட்டடம்.' ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது தாழ்ந்தால் என் சமையலறைக்கு மதியத்தில் வெயில் வரும்.

அனுமதி கிடைத்துவிட்டது. இடிப்பதற்கு இன்னும் பதினோரு நாள். மார்லூஸுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஏதோ ஒரு அடுக்குமாடியில் ஆறாவது தளத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மீன் வண்டியைத் தினமும் படகில் ஏற்றிக்கொண்டா வருவாள்?

மறுநாள் காலை காளைத் தலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். வாசல் காவலாளி பையைத் திறக்கச் சொன்னான். "இது என்ன சார்?" என்றான். "ஆதாரம்" என்றேன். அவன் அதை இயந்திரத்துக்குள் அனுப்பி, திரையில் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தான். அந்தக் கட்டடத்தில் தெளிவாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

பாரம்பரியப் பிரிவு அதிகாரி போஸ்மா நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"பக்கத்து வீடுதான் பழசு சார். என்னுது டூப்ளிகேட். இடிக்கிறதை நிறுத்த முடியுமா, முடியாதா?"

"கொள்கை அளவுல, முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ முடியும்."

"அப்படியும் நான் சொல்லல சார். உங்க கேள்வியைக் குறிச்சுக்கறேன்."

"நான் குடிவர்றதுக்கு முன்னாடி, எழுபதுகள்ல என் வீட்டுல ஏதோ வேலை நடந்ததா சொல்வாங்க. அந்தக் கோப்பு உங்ககிட்ட இருக்குமே?"

"இருக்கணும். ஆவணக்காப்பகம் இடம் மாறிட்டிருக்கு. ஏழு வாரத்துல எல்லாம் ஒழுங்காயிடும்."

"இடிக்க பத்து நாள்தான் இருக்கு."

"அது வேற பிரிவு சார்."

நான் முப்பது வருடம் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. என் கடிதம் வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

திங்கள் போனேன். போஸ்மாவுக்கு அன்று விடுமுறை நாள். செவ்வாய் போனேன், கூட்டத்தில் இருந்தார். புதனன்று என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: உங்கள் செய்தி பெறப்பட்டது, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம். வியாழனன்று அவரைப் பிடித்தேன். அவரும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம். வெளியே வந்தபோது, அவர் ஆம் என்றாரா இல்லை என்றாரா என்று என்னால் மார்லூஸிடம் சொல்ல முடியவில்லை.

மார்லூஸும் அப்படித்தான், எதையும் நேராகச் சொல்லவில்லை. பதினேழு வருடமாக எனக்கு ஹெரிங் மீனைக் கேட்காமலேயே வெங்காயம் தூவித் தருவாள். கொஞ்ச மாதமாக வெங்காயம் வருவதில்லை. விலை ஏறிவிட்டதோ என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்தால், பக்கத்தில் நின்ற அஞ்சல்காரருக்குக் கைநிறையத் தூவுகிறாள்.

"எனக்கு?"

"உங்களுக்கு அலர்ஜின்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

"உம்" என்றாள்.

"கோபமா?"

"மீன் நல்லா இருக்கா?"

மீனின் வாலைப் பிடித்து அண்ணாந்து தின்றேன். உப்பு மட்டும் தெரிந்தது.

"உங்க வீட்டை உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, வண்டியை அஞ்சல்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னே நடந்தாள். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. 'பீங்கான்' என்று எழுதிய பெட்டிமேல் ஏறி, கூரைக்கடியில் அடித்திருந்த வெள்ளைப் பலகை ஒன்றைத் தள்ளினாள். டார்ச்சை என் கையில் கொடுத்தாள்.

உள்ளே, ஓர் ஆள் தடிமனில் ஓக் மர உத்தரங்கள். அவற்றில் சிவப்பும் பச்சையுமாகத் திராட்சைக்கொடி தீட்டியிருந்தது. கொடி நடுவே ஒரு கிளி. நிறம் மங்கியிருந்ததே தவிர, கண் இன்னும் என்னைப் பார்த்தது. மூட்டுகளில் ஒரு இரும்பு ஆணி இல்லை, எல்லாம் மரமுளை. நான் சுற்றுலாப் பயணிகளிடம் இருபது வருடமாக வர்ணித்தது இதைத்தான். சுவர் ஒன்று தள்ளி நின்று வர்ணித்துவிட்டேன்.

"இது எப்போலேர்ந்து தெரியும்?"

"மழை ஒழுகின வருஷம். ஒன்பது வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. சங்கத்துக் கூட்டத்துல வாடகைக்காரங்களுக்கு நாற்காலியே போடுறதில்லையே."

டார்ச்சை அணைத்தேன். பெட்டிமேல் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்: "மார்லூஸ், அந்தக் கடிதத்தை எழுதினது நான்."

"நாலு பக்கம். நகராட்சி எனக்கும் ஒரு நகல் அனுப்பிச்சுது" என்றாள். "மூணாவது பக்கத்துல 'அண்டை வீட்டின் கண்ணியம்'னு வருது. அந்தச் சொல்லை இந்தத் தெருவுல வேற யார் எழுதுவா? இறங்குங்க, பீங்கான் உடையும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இடிப்பு திங்களன்று. போஸ்மாவின் மேஜைமேல் காளைத் தலையை வைத்தேன். அவர் சாம்பல் வீட்டின் கோப்பைத் திறந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என் கடிதம்.

"இது உள்ள இருக்கிறவரைக்கும், வீட்டுக்கு மதிப்பில்லைன்னு கோப்பு சொல்லுது சார். உள்ளூர்க்காரங்களே சொல்லியிருக்காங்க. நான் எப்படி மாத்திச் சொல்றது?"

"அதை நான் திரும்ப வாங்கிக்கிட்டா?"

"கொள்கை அளவுல, வீட்டை நேர்ல பார்க்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஆனா..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு வீட்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். உங்க தகடு போகலாம். போகும்னு சொல்லல. போகலாம்."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அது. 'நான் எழுதியது தவறு. உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதினேன். என் சமையலறைக்கு வெயில் வேண்டும் என்பதற்காக எழுதினேன். ஹைஸ்பெர்ட் ஓல்ட்ஹோஃப், செயலாளர்.' மூன்று வரியில் 'கண்ணியம்' எங்கும் வரவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் மட்டும் பேனாவை ஒருமுறை மூடித் திறந்தேன். அந்தத் தகட்டை வாரம் ஒருமுறை வினிகர் போட்டுத் துடைப்பவன் நான்.

மதியம் போஸ்மா சைக்கிளில் வந்தார். முதலில் என் முகப்பின் ஓட்டையில் விரலை விட்டுக் கான்கிரீட்டைச் சுரண்டினார். "உம்" என்றார். தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தார். அதற்கும் "உம்". பிறகு மார்லூஸின் மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மார்லூஸ் பீங்கான் பெட்டியை நகர்த்தி, அவருக்கு நாற்காலி போட்டாள்.

அவர் தலையும் தோளும் கூரைக்குள் மறைந்தன. டார்ச் வெளிச்சம் பலகை இடுக்குகளில் மெதுவாக நகர்ந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மார்லூஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்வை அட்டைப்பெட்டிகள் மேலேயே இருந்தது. அக்கரையில் ஆறாவது தளம் நினைவுக்கு வந்தது. கிளி போஸ்மாவையும் பார்த்திருக்குமா என்று யோசித்தேன்.

"சார்" என்றேன், பொறுக்க முடியாமல். "கொள்கை அளவுல என்ன தோணுது?"

அவர் கீழே இறங்கினார். தலைமுடியில் நானூறு வருடத்துத் தூசி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை. செல்போனை எடுத்தார்.

"கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். இந்த வீட்டை யாரும் தொட முடியாது, இப்பவே தடை போடுறேன். இந்தம்மா பெட்டியெல்லாம் பிரிக்கலாம்." பிறகு ஜன்னல் வழியாக என் வீட்டுப்பக்கம் கையைக் காட்டினார். "இடிச்சே ஆகணும்னா, அதை இடிச்சுக்கலாம்."