பொன்னலை சிஸ்டம்ஸ், மூன்றாவது மாடி

அந்த ஆண்டு பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வேண்டிய கணினிகளையும் மென்பொருளையும் இல்லாத ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கியது. விலை குறைவாக இருந்ததுதான் காரணம். குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டவர் இருக்கிறாரா என்று விதி எங்கேயும் விசாரிக்கவில்லை.

தப்பு தங்கபுஷ்பத்தினுடையது. அவள் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். அரசுப் பணத்தில் குண்டூசி வாங்குவதானாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த மூன்றையும் சரக்கு கொடுக்கப்போகிற ஆளே கையோடு கொண்டுவந்துவிடுவார் என்பதும் ஊரறிந்ததுதான். ஒன்று அவருடையது. மற்ற இரண்டும் கொஞ்சம் கூடுதலாக விலை போட்டுத் தோற்றுப்போவதற்கென்றே பிறந்தவை. அவர் இரண்டை மட்டும் கொண்டுவருகிற நாட்களில் மூன்றாவதைத் தங்கபுஷ்பமே டைப் அடித்துச் சேர்த்துக்கொள்வாள். ஒரு காகிதத்துக்காக ஃபைல் நிற்க வேண்டாமே என்கிற நல்லெண்ணம்தான். அப்படி அவள் உண்டாக்கிய கம்பெனிதான் பொன்னலை சிஸ்டம்ஸ். ரத வீதியில் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அதன் அலுவலகம் இருந்தது.

கம்பெனி என்றால் உரிமையாளர் வேண்டுமல்லவா? தங்கபுஷ்பமும் அவள் கணவர் தவசிமணியும் கல்யாணமான புதிதில், பிறக்கப்போகும் மகனுக்கென்று ஒரு பெயரைத் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். கனியமுதன். மகன் பிறக்கவில்லை. மகளும் பிறக்கவில்லை. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கிக் களைத்துப்போய் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் வீட்டில் சும்மா கிடந்தது. அதை எடுத்து அவள் கம்பெனிக்குப் போட்டாள்.

கனியமுதனின் கையெழுத்தை அவள்தான் போட்டு வந்தாள். ஆரம்பத்தில் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்துபோல உருண்டை உருண்டையாக இருந்தது. பிறகு மெல்லச் சாய்ந்தது. இடையில் சில வருஷம், கல்லூரி வயசில், அடியில் தேவையில்லாத இரண்டு கோடுகள் இழுத்துக்கொண்டு கொஞ்சம் திமிராகவும் இருந்தது. இப்போதெல்லாம் அவசரத்தில் இருக்கிற வியாபாரியின் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் அவன் கூடுதல் விலை போட்டான், ஒவ்வொரு தடவையும் தோற்றான்.

அந்த ஆண்டு டைப் அடிக்கும்போது ஒரு சைபர் விட்டுப்போனது.

கமிட்டியில் நிதி அலுவலர் சீதாபதி மூன்று விலைகளையும் வரிசையாக வாசித்து, "பொன்னலைதான் கம்மி" என்றபோது தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு புள்ளியைக்கூட அவள் விட்டவள் இல்லை. கமிட்டியில் மற்ற எல்லாரும் தலையாட்டினார்கள். வழக்கமாகச் சரக்கு கொடுக்கிற ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் பையனும் எத்தனை நாளைக்குத்தான் தோப்பான் மேடம்" என்று சொல்லி எழுந்து போனார்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். தவசிமணி பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர்.

"நம்ம கனிக்கு ஆர்டர் கெடைச்சிருக்குங்க."

"கெடைக்கட்டும். மொத ஆர்டர்லா?" என்றார் அவர். "சரக்க நேரத்துக்கு எறக்கச் சொல்லு. பேரு கெட்டுரக் கூடாது."

சரக்கு நேரத்துக்கு வந்தது. இல்லாத லாரி ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால், காவலாளி விசில் ஊதி அதைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார். இல்லாத பெட்டிகள் துறை துறையாக இறங்கின. பழைய கணினிகளை எடுத்துக்கொண்டு போவதும் ஒப்பந்தத்தில் சேர்த்திதான். அந்த லாரியில் ஏற்றியதும் அவையும் இல்லாமல் போயின. ஆயுத பூஜையன்று ஆளாளுக்குத் தங்கள் கணினிக்குப் பொட்டு வைத்தார்கள். மேசைகளுக்கு ஒரு முழம் மேலே சந்தனப் பொட்டுகள் அந்தரத்தில் வரிசையாக நின்றன.

யாருக்கும் ஒரு குறையும் இல்லை. "சத்தமே கெடையாது. பழசெல்லாம் மாவு மில்லு மாதிரில்லா கத்தும்" என்றார் விலங்கியல் துறைத் தலைவர். ஆசிரியர்கள் அவற்றில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் இல்லாதவை. அவை வெளியான பத்திரிகைகளும் இல்லாதவை. இதில் புதிதாக எதுவும் இல்லையாகையால் பதவி உயர்வுகள் வழக்கம்போல நடந்தன.

ஐப்பசியில் ஒரு நாள் கம்பெனி உரிமையாளர் பில் விஷயமாக வந்தான். தங்கபுஷ்பத்தின் மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவன் வந்து அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் அது காலியாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்த விதம் இருக்கிறதே! ஒரு காலை மற்றதன் அடியில் மடக்கிச் செருகிக்கொண்டு, அசல் தவசிமணி.

"வணக்கம் மேடம். நான் கனியமுதன்."

"தெரியும்" என்றாள் அவள். அப்புறம், "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்ல மேடம். நேரா இங்கதான் வாரேன்."

டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். புளிச்சோறும் வாழைக்காய் வறுவலும். அவன் வயிறாரச் சாப்பிட்டான். டப்பா கடைசிவரை நிறைந்தே இருந்தது. தான் சமைத்ததை அவன் ரசித்துச் சாப்பிட்டது அவளை உலுக்கிவிட்டது.

பில்லில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுத்து, "டெலிவரி சலான்ல சீல் சரியா விழல. அடுத்த வாரம் வாங்க" என்றாள். அடுத்த வாரம் வந்தான். ஜி.எஸ்.டி. நம்பரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் மென்பொருளுக்குத் தனி பில் கேட்டாள், அதன் பிறகு இரண்டையும் ஒரே பில்லாகக் கேட்டாள். சப்ளையர்களை அலையவிடுவது அந்தப் பிரிவின் குலவழக்கம்தான். பாசத்தினால் அலையவிட்டது அவள் ஒருத்திதான். அவன் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

தவசிமணிக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒரு நாள் வந்துவிட்டார். அப்பாவும் பிள்ளையும் வராந்தாவில் உட்கார்ந்து, எந்தப் பஸ் எந்த ரூட்டில் போனால் சீக்கிரம் என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் பஸ் ஸ்டாப் வரைக்கும் அவனோடு நடந்து போனார். பார்த்தவர்கள் அவர் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்து, "மேடம் வீட்டுக்காரரும் அவங்க பையனும் போறாங்க" என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வாரக் கடைசியில் தவசிமணி வீட்டு முன்னறையை ஒழித்து, வெள்ளையடித்து, ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் கனியமுதன் பேச்சுவாக்கில், "சலான் கொண்டாந்திருக்கேன்மா" என்றான். பாதியில் நிறுத்தி, மேடம் என்று மாற்றப் பார்த்தான்.

"அப்படியே கூப்பிடு" என்றாள் தங்கபுஷ்பம். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அன்று அவன் பில்லில் ஏழெட்டு குறை கண்டுபிடித்து எழுதினாள்.

மார்ச் மாதம் வந்தது. அரசு அலுவலகத்தில் மார்ச் மாதம் யாருக்கும் நல்லது செய்வதில்லை. சீதாபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பொன்னலை பில்லு இன்னும் பாஸ் ஆகல போலிருக்கே மேடம்?"

"சின்னச் சின்னக் குறை இருக்கு சார்."

"முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பாஸ் ஆகலன்னா ஆர்டர் ரத்து. கம்பெனி பேர சப்ளையர் லிஸ்ட்லேருந்து எடுத்துருவாங்க."

மற்ற கம்பெனிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அவை வேறு எங்காவது இருந்துகொள்ளும். கடை இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, வாடகை பாக்கி இருக்கிறது. கனியமுதனுக்கு அந்தப் பட்டியலை விட்டால் இருக்க வேறு இடம் கிடையாது. எடுத்தால் அவன் போய்விடுவான்.

"இன்னைக்கே பாஸ் பண்ணிடுதேன் சார்."

"பண்ணுங்க. கூட அந்த உறுதிமொழியையும் வச்சிருங்க. அது இல்லாம ஃபைல் நகராது."

எந்த உறுதிமொழி என்று அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் யோசிக்காமல் போடுகிற கையெழுத்துதான். மேற்படி கம்பெனியின் உரிமையாளருக்கும் தனக்கும் எவ்வித உறவும் இல்லை என்று கொள்முதல் கண்காணிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். உறவு இருந்தால் ஆர்டர் ரத்து, பெயரும் நீக்கம். தங்கபுஷ்பம் படி இறங்கித் தன் மேசைக்கு வந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தது அப்படியே ஆகிவிடும். அது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒரு மகனையே அப்படித்தான் அவள் பெற்றிருந்தாள்.

உறவு உண்டு என்றால் மகன் இருக்க மாட்டான். இல்லை என்றால் இருப்பான், அவளுக்கு மகனாக இருக்க மாட்டான். தவசிமணிக்கு போன் செய்து சொன்னாள்.

"போட்டுரு புஷ்பம். பய எங்கயாவது இருக்கணும்லா" என்றார். "நானும் வந்து போடணுமா?"

"உங்களுக்கும் ஆபீசுக்கும் என்னங்க சம்பந்தம்? நான் மட்டும் போட்டாப் போதும்."

"சரி" என்றார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது.

மத்தியானம் கனியமுதன் வந்தான். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் வறுவல் வைக்கட்டுமா என்று கேட்டாள். போதும்மா என்றான். அந்த வார்த்தையைக் காதில் நன்றாக வாங்கிக்கொண்டு, பில்லைப் பாஸ் செய்து, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடக்கூட இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றான் எதிர் நாற்காலி.

ஓங்கி அறைந்ததுபோல இருந்தது அவளுக்கு. தெரிந்தேதான் போட்டாள், ஆனாலும் இத்தனை சீக்கிரம் என்று நினைக்கவில்லை. அவன் எழுந்து, காலை மடக்கி உட்கார்ந்ததில் கசங்கிய பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு போனான். டப்பாவில் சோறு அப்படியே இருந்தது. அதை அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தவசிமணி நின்றுகொண்டிருந்தார். துவைத்து மடித்த சட்டை, கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். அவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. எழுந்து ஓடப்போனாள்.

"வணக்கம் மேடம்" என்றார் அவர். "நான் கனியமுதனோட அப்பா. இவ என் வீட்டுக்காரி."

அவர் பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, "உள்ள வாம்மா, மேடம் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார். புஷ்பம், புஷ்பம் என்று இத்தனை வருஷம் அவளைக் கூப்பிட்ட அதே குரல். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவன் அப்பாவாகத்தான் இருந்தார். அப்பாவுக்கு ஒரு மனைவியும், பிள்ளைக்கு ஒரு அம்மாவும் வேண்டியிருந்தது. கண்காணிப்பாளர் அந்த இடத்தில் தான் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் தவசிமணி உட்கார்ந்தார். அந்த அம்மாள் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க மேடம். மொத பில்லு உங்களாலதான் பாஸாச்சு. வீட்டுக்கு வந்தா ஓயாம ஒங்க சாப்பாட்டப் பத்தித்தான் பேசுவான்."

தங்கபுஷ்பம் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். நன்றாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு ஒருவாட்டி வரணும் மேடம்" என்றார் தவசிமணி. "பையனுக்குன்னு முன்னறைய வெள்ளையடிச்சி வச்சிருக்கோம்."

"வழி தெரியாதே" என்றாள்.

அவர் விவரமாகச் சொன்னார். டவுன் பஸ்ஸில் ஏறி, தண்ணித் தொட்டி ஸ்டாப்பில் இறங்கி, மில் காம்பவுண்டு ஓரமாகவே போய், இடது கைப் பக்கம் நாலாவது வீடு, பச்சை கேட். தங்கபுஷ்பம் ஒன்று விடாமல் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சந்தேகம் ஒன்றுதான் இருந்தது.

"நாய் இருக்குமா?"

"இருக்கு மேடம். பயப்படாதீங்க" என்றார் அவர். "தெரியாதவங்களத்தான் கடிக்கும். கேட்டுக்கு வெளியவே நின்னு கூப்பிடுங்க, நான் வந்து பிடிச்சுக்கிடுதேன்."