வெறும் மணலில் தங்கம்

தபால் நிலையத்தில் சத்தியத்துக்கென்று வைத்திருக்கும் பைபிளில் கை வைத்துச் சொன்னாலும் சரி, வெறும் கையோடு சொன்னாலும் சரி, இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

நெவாடாவில், டஸ்ட் க்ரீக் ஊரில், சுரங்கத்துக் கல்லைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தை வெர்னா பல வருடங்களாக நடத்திவந்தாள். கல்லை மாவாக அரைத்து, ஈயத்தூளும் வெண்காரமும் சேர்த்து உலையில் உருக்கினால், கல்லிலிருக்கும் தங்கத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். அந்த ஈயக்கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சுட்டால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். தங்கம் பொட்டாக மிஞ்சும். வேலை சுத்தமா என்று பார்க்க, கூடவே வெறும் மணலையும் அரைத்து உருக்குவார்கள். அதில் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

அந்த வாரம் மணலில் தங்கம் மிஞ்சியது.

"மணல்லயே தங்கம் காட்டுற இடத்துக்கு நான் எதுக்கும்மா கல்லு அனுப்பணும்?" என்றார் சுரங்க மேலாளர் டன்ஃபி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா எல்லாக் கல்லும் ரீனோ ஊர்க் கூடத்துக்குப் போயிடும்."

ரீனோவுக்குப் போனால் வெர்னா கதவைச் சாத்த வேண்டியதுதான்.

தங்கம் எங்கிருந்து விழுகிறது? கல்யாண மோதிரத்தைக்கூட வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் யாரும் உள்ளே வருவார்கள். வெர்னா எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். காப்பித்தூளை உருக்கினாள். துடைப்பத்தை உருக்கினாள். போகிற போக்கில் எட்டிப் பார்த்த பாவத்துக்குப் பாதிரியாரின் தொப்பியையும் உருக்கினாள். ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அரவைக்காரர் க்ளீட்டை உற்றுப் பார்த்தாள். அரைத்த மாவு நைசாக இருக்கிறதா என்று அவர் குனிந்து ஊதிப் பார்ப்பது வழக்கம். மீசையோ, சாப்பிடும்போது இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு. ஊதும்போதெல்லாம் அதிலிருந்து பொலபொலவென்று என்னவோ உதிர்ந்தது.

"க்ளீட், கடைசியா அந்த மீசையை எப்பய்யா கழுவினீங்க?"

"கழுவினா சுருள் போயிடும் மேடம்."

"கத்திரிக்கோல் எங்க?"

"வேலைய விட்டுடறேன், மீசைய விட்டுடுங்க."

"கூடமே போச்சுன்னா எந்த வேலைய விடுவீங்க?"

க்ளீட் மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெட்டிய மீசை, உருக்குகிற மண்குவளையான மூசைகள் மூன்றில் அடங்கியது. உருக்கிச் சுட்டதும் கிண்ணத்தில் கொண்டைக்கடலை அளவுக்குத் தங்கம் நின்றது. அடுத்து, க்ளீட்டை மொட்டை உதட்டோடு மணலை அரைக்கவிட்டு உருக்கினார்கள். கிண்ணம் காலியாக இருந்தது.

டன்ஃபி காலிக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கொண்டைக்கடலையைப் பார்த்தார்.

"இது எந்த ஆழத்துல கிடைச்சது?"

"மூக்குக்குக் கீழ," என்றாள் வெர்னா.

"நம்ம சுரங்கத்துல இவ்வளவு தரமா ஒரு கல்லுகூட வந்ததில்லையே." க்ளீட்டின் உதட்டருகே குனிந்தார். "அடுத்த அறுவடை எப்பய்யா?"

"முதல்ல இந்த வருஷத்துக் கல்லையெல்லாம் இங்கயே அனுப்புங்க," என்றார் க்ளீட். "தூசி விழாம மீசை எப்படி விளையும்?"

டன்ஃபி அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரீனோ பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

என்ன, டஸ்ட் க்ரீக்கில் முதன்முதலாக ஓர் ஆய்வுக்கூடம் கட்ட அஸ்திவாரம் தோண்டியதே போன மாதம்தான்.