சந்தனம் உள்ளே இறங்கவில்லை

1.

இந்தக் கதை எனக்கு வேங்கிக்கால் பஸ்ஸில் கிடைத்தது, 2008இல். முன் சீட்டில் ஒரு குரல்: “லேப்டாப்புக்கு எவளாவது சந்தனம் வெப்பாளா?” இன்னொன்று: “ஆயுத பூஜைன்னா மிக்சிக்கே வெக்கறோம், இது என்ன ஒசத்தி?” முகங்களை நான் பார்க்கவில்லை. குரல் கிடைத்தால் போதும், ஆட்களை நானே கட்டிக்கொள்வேன்.

2.

கிரிவலப் பாதையில் பௌர்ணமி நிலா பாலாய்ப் பொழிய—

வேண்டாம். லேப்டாப் கெட்டதற்கு நிலா என்ன செய்யும்?

கஸ்தூரியின் எம்.ஃபில். ஆய்வேடு அதில்தான் பாதியில் நிற்கிறது. பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். மறுநாள் அவள் வெளியே போனதும், சந்தனம் உள்ளே இறங்கியிருக்குமோ என்று கணவன் மாறனுக்குப் பயம். மிக்சிக்கு வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரால் திறந்தான். கை சறுக்கியது. சத்தமில்லாமல் மூடிவிட்டான். அப்புறம் சார்ஜே ஏறவில்லை.

“உன் பக்தி பண்ண வேலை. இனிமே அதத் தொடாத” என்றான். அவளும் தொடவில்லை.

(மாறனை வில்லனாக்கிவிட்டேனோ? இல்லை. பயந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?)

3.

ரிப்பேர் கடை. கடைக்காரர் வேதா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

“சார்ஜர் நல்லாத்தான் கீது சார். மதர்போர்டுலதான் கரண்டு போற லைன் அறுந்திருக்கு. ஒயர் வெச்சு ஒட்டிட்டேன், ஏறுது பாருங்க. ஆனா முன்னாடியே யாரோ தெறந்திருக்காங்க. கோடு கிழிச்ச மாதிரி கீறல். ரெண்டு ஸ்க்ரூ வேற கம்மி.”

“கம்பெனிலயே கம்மியாத்தான் போடுவான்” என்றான் மாறன்.

“அப்போ சந்தனம்?” கஸ்தூரி கேட்டாள்.

“அது மூடி மேலேயே காஞ்சு கெடக்குதுக்கா. உள்ளார துளிகூட எறங்கல.”

4.

‘கஸ்தூரி வெடித்து அழுதாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன்.*

அவள் சொன்னதாக என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “என்னங்க, சார்ஜர நீங்க எடுத்துக்குங்க.”

ஆட்டோவில் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். நின்றுபோன வரியைத் தேடிப் பிடித்துத் தட்டத் தொடங்கினாள்.

“வந்து... கஸ்தூரி...”

“சொல்லுங்க.” கண் திரையில்.

அடுத்த வரி மாறனுடையது. நான் எழுதமாட்டேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எலி கடித்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் அதைத்தான் சொல்லப் பார்க்கிறான்.

——
* மாறன் அழுததாகவும் எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.