ஒரு சங்கு ரசம்

ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேதாசலம் இருமினார். விறகு புகைந்ததே தவிர எரிகிற வழியாக இல்லை. பேரப்பிள்ளை எடுத்த வயதில் இன்றுதான் முதல் தடவையாக அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஈர வெறகு அது. மேல கீற பரண்ல காஞ்சது கீது பாரு" என்றது பக்கத்து அறையிலிருந்து அவர் மனைவி ஆதிலட்சுமியின் குரல்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்புலிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். வந்ததிலிருந்து எதையும் கேட்காமல் கிடந்தவள் அன்று காலை கண்ணைத் திறந்து, கொள்ளு ரசம் குடிக்கணும் போல கீது என்றாள்.

"பக்கத்து வூட்டுல வைக்கச் சொல்றேன்."

"வாணாம். அவங்க எல்லாத்தயும் நெய்யில தாளிப்பாங்க. நீயே வையி. நான் சொல்லிக்கினே வரேன்."

மாட்டுக்கு வாங்கிப் போட்டிருந்த மூட்டையிலிருந்து இரண்டு பிடி கொள்ளை அள்ளி வேக வைத்தார். ஆதிலட்சுமி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே காதால் சமைத்தாள். கொதி அடங்குனாப்ல கேக்குது, வெறகத் தள்ளு என்றாள். மிளகு சீரகத்தை இவர் இடித்த சத்தத்தைக் கேட்டு, மாவாக்கிடாத, போதும் என்றாள். பால் சொசைட்டித் தலைவர் பேச்சைக்கூட வேதாசலம் இவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை.

பால்தான் அவருடைய பிழைப்பு. அந்தப் பாலைத்தான் அவள் தொடமாட்டாள்.

செவலைப் பசுவின் கன்று செத்த வருஷம் ஆரம்பித்தது அது. எல்லோரும் செய்வதைத்தான் வேதாசலமும் செய்தார். கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, குச்சிக் கால் வைத்து, தாயின் முன்னால் நிறுத்தினார். செவலை அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. ஆதிலட்சுமி தொழுவத்து வாசலில் நின்று பார்த்தாள். அன்று முதல் பால், தயிர், மோர், நெய் எதையும் வாயில் வைக்கவில்லை, சமையலிலும் சேர்க்கவில்லை.

வேதாசலத்துக்குக் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பால் விற்கிற வீட்டில் பால் தொடாத பெண்டாட்டி என்றால் ஊர் சிரிக்காதா? வீம்புக்குத் தனக்கென்று ஒரு தயிர்ச் சட்டி வைத்துக்கொண்டார். அவள் பாட்டுக்கு எள்ளை வறுத்துப் பொடித்துக் கத்தரிக்காயில் தூவினாள். முருங்கைக்கீரைக்கு வேர்க்கடலையை அரைத்து விட்டாள். அரிசி கழுவின தண்ணீரில் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். ஒவ்வொன்றையும் இறக்கி வைத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். ஏதாவது குறைந்தால் அவளுடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறும். அதைச் சரி செய்த பிறகுதான் பரிமாறுவாள். ஒருநாள் தயிர்ச் சட்டியைத் திறந்தால் பூசணம் பூத்துக் கிடந்தது. அதைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் பரிகாசம் பண்ணிய அவருடைய அக்கா தாயாரம்மாள்கூட, கீழத்தெருவிலிருந்து கிண்ணத்தோடு வர ஆரம்பித்தாள்.

"கடுகு வெடிச்சுதா?"

"வெடிக்குது."

"அடங்கட்டும். அப்பறம் கறியாப்பில."

கறிவேப்பிலை சடசடத்தது. தாளிப்பை ரசத்தில் கொட்டினார். வாசனை எழும்பியபோது அவருக்கே பெருமையாக இருந்தது. சட்டியை இறக்கி வைத்தார்.

"எறக்கிட்டேன். அப்பறம் இன்னா?"

அகப்பையைக் கையில் பிடித்தபடி அறைப் பக்கம் திரும்பினார்.

"ஆதி, அப்பறம் இன்னா?"

ஓடிப்போய்ப் பார்த்தார். கண் மேலே செருகியிருந்தது. நெஞ்சில் இழுப்பு கேட்டது. அப்போதுதான் உள்ளே நுழைந்த தாயாரம்மாள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். தொழுவத்திலிருந்து காலையில் கறந்த பாலைச் செம்போடு எடுத்து வந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கும் கையில் இருந்தது.

"ஊத்துடா தம்பி. நீதான் மொதல்ல ஊத்தணும்."

"அவ குடிக்கமாட்டா யக்கா."

"இது குடிக்கிறதுக்காடா? போற உசுருக்குப் பால் ஊத்தாம அனுப்புவாங்களா? ஊரு இன்னா பேசும்? பெத்த பொண்ணு வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

வேதாசலம் செம்பைப் பார்த்தார். விளிம்பில் காலை நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. இப்போது ஊற்றினால் அவளால் தடுக்க முடியாது. வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. சங்கை மட்டும் அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ரசத்தைத் துணியில் வடிகட்டி, ஆற்றி, எடுத்து வந்தார்.

"டேய், இன்னாடா பண்ற?"

"அவ கேட்டது இது."

முதல் சங்கை மெதுவாகச் சாய்த்தார். தொண்டை அசைந்தது. ஆதிலட்சுமியின் இடது புருவம் லேசாக மேலே ஏறி இறங்கியது. வலிக்கிறது போல என்று நெற்றியைத் தடவிக்கொடுத்தார். இரண்டாவது சங்கு கடைவாயில் வழிந்துவிட்டது. அதைத் துண்டால் துடைத்தபோது இழுப்பு நின்றிருந்தது.

தாயாரம்மாள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

உடலைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். மகள் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சாவு விழுந்த வீட்டில் ஆக்கினது எதையும் வைத்திருக்கக் கூடாது என்று தாயாரம்மாள் ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வேதாசலம் முகம் கழுவப் போனபோது, அவள் வாழை மரத்தடியில் சட்டியைக் கொட்டாமல் நின்றிருந்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது. அகப்பட்டுக்கொண்டவள் போல முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாசன தாங்கலடா. இனிமே யாரு வச்சிக் குடுக்கப் போறாங்கன்னு ஒரு சொட்டு..." பிறகு மெதுவாகச் சொன்னாள், "வேதா, இதுல உப்பே இல்லியேடா."

வேதாசலம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இறக்கி வைத்த பிறகுதான் அவள் உப்புப் போடுவாள். அப்பறம் இன்னா என்று அவர் கேட்டதற்குப் பதில் அந்த உப்புதான். வலியென்று நினைத்துத் தான் தடவிக்கொடுத்த அந்த இடது புருவம் அவர் கண்முன் ஏறி இறங்கியது.

அடுப்படிக்குப் போனார். உப்புச் சட்டியில் கைவிட்டு ஒரு பிடி கல்லுப்போடும் அகப்பையோடும் திரும்பி வந்தார். கொஞ்சத்தைச் சட்டியில் போட்டு, அது கரையும்வரை அகப்பையால் கலக்கினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு கல் போட்டார். மறுபடியும் பார்த்தார்.

"இப்ப கொட்டிடு யக்கா" என்றார்.