நாற்பது விநாடி

“இதுக்கு முன்னாடி எப்பவாவது அவருக்குப் பேச்சு குழறியிருக்கா?”

நேற்று டாக்டர் கேட்டபோது தங்கை இல்லையென்று தலையாட்டினாள். ஆஸ்பத்திரி மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவு வந்தது. திரும்பி ஏறவில்லை.

இப்போது அண்ணன் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிணமாகக் கிடந்தான். அவள் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

கருவில் எல்லாக் குழந்தைக்கும் இதயச் சுவரில் ஒரு சின்ன வழி இருக்குமாம். பிறந்தபின் மூடிக்கொள்ளும். நாலில் ஒருவருக்கு மூடாது; பெரும்பாலோர் அது தெரியாமலே கிழவராகிவிடுவார்கள். நாள்கணக்காக லாரியில் உட்கார்ந்து அண்ணனுக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது. அந்தக் கட்டி அவ்வழியே நழுவி மூளைக்குப் போய்விட்டது. “சிலருக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை வரும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்,” என்றார் டாக்டர். அண்ணி அப்போது உள்ளே அவன் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியவே கூடாது.

“நான் ஒரு ரவுண்டு போட்டா எப்படி உளறுவேன்னு என்னைவிட அந்தப் படுபாவிக்குத்தான் தெரியும்,” என்றார் அண்ணனோடு லாரி ஓட்டியவர். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல்.

“போன மாசம் சாப்பிடுறப்ப உன்னை மாதிரிப் பேசினான் பாரு, வயிறே புண்ணாப்போச்சு,” என்றார் சித்தப்பா.

அண்ணி காலையிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து, டீயோடு வந்த தங்கையைப் பார்த்தாள். “நீதானே வீடியோ எடுத்த? போடு. அவர் குரலைக் கேக்கணும்.”

“சார்ஜ் இல்ல அண்ணி.”

“ராத்திரி பூரா சார்ஜர்லதானே கிடந்துச்சு?”

தங்கை டீத் தட்டை இறக்கி வைத்தாள். அருகில் உட்கார்ந்து போட்டாள்.

நாற்பது விநாடி. அண்ணன் என்னவோ சொல்ல வருகிறான், வார்த்தை கூழாகிறது. “இன்னொரு தடவண்ணே!” என்று கத்துவது அவள் குரல். அவன் கையிலிருந்து டம்ளர் சரிகிறது. எல்லோருக்கும் மேலே அண்ணியின் சிரிப்பு: “போதுங்க, புரையேறிடும்!” அவன் மட்டும் சிரிக்கவில்லை. உதடு வலப்பக்கம் இறங்கியிருக்க, போனையே பார்க்கிறான்.

சித்தப்பா இந்த முறையும் சிரித்தார்.

“மறுபடி போடு,” என்றாள் அண்ணி. பாதியில் நிறுத்தி, அந்த உதட்டின்மேல் விரல் வைத்தாள். நேற்றெல்லாம் துடைத்த உதடு.

“டாக்டர் உன்கிட்ட என்ன கேட்டாரு?”

தங்கை சொன்னாள். தலையாட்டியதையும் சொன்னாள்.

அண்ணி போனை அவள் மடியில் வைத்தாள். எழுந்தாள். கூடத்தில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். செருப்புகூட மாட்டாமல் வாசலைத் தாண்டி, வெயிலில் தெருக்கோடிவரை போய், முனையில் திரும்பி மறைந்தாள்.